காட்டுத் தீயும் கொல்லாமையும்

காட்டில் தீயிடுவோன் முதற்சீலத்தை மீறியவனே அன்றோ என்று லிங்கராஜபுரத்து அன்பர் சிலர் எம்மை வினவினர். ஆம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகரை எண்ணுங்கால் அவ்விடை எமக்கு எளிதாக வரவில்லை.

சோளகர் தலைமுறை தலைமுறையாகக் கோடை முற்றுமுன்னரே காட்டுச் சருகுக்குத் தீயிட்டு வந்தனர். தம் மொழியில் அதனைத் 'தரகு பெங்கி' என்பர். சருகுத் தீ என்பது பொருள். தரையோடு தவழ்ந்து தானே அவியும் தீ அது. எரிந்தவிடத்தில் புதுப்புல் தழைக்கும், மான்கள் மேயும். நெல்லி மரத்தைப் பற்றும் புல்லுருவியும் அதனால் அடங்கும் என்பது அவர்தம் அனுபவம். 1974-இல் அம்மலை சரணாலயமாயிற்று. சரணாலயத்துள் தீயிடுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சருகுத் தீ நின்றது.

பின்னர் உண்ணிச்செடி பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொணரப்பட்ட அமெரிக்கச் செடி இது. 1997-இலும் 2008-இலும் அக்காட்டை அளந்த ஆய்வாளர், இடைக்காலத்தில் அது பன்மடங்கு பெருகியிருக்கக் கண்டனர். தீ நின்றதே காரணம் என்பர் சோளகர். வேறு காரணமும் உண்டென்பாரும் உளர். உண்ணிப் புதர் அடர்ந்தவிடத்தில் புல்லும் மரக்கன்றும் தலையெடுப்பது அரிது. கோடையில் அது காய்ந்து நிற்கும்போது தவறி விழும் ஒரு பொறி மர உச்சிவரை ஏறும்.

ஆலையில் உழைத்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நூற்புக் கூடத்தில் இயந்திரங்களின் அடியில் சேரும் பஞ்சுத் தூசை அன்றாடம் பெருக்கித் தள்ளுவோம். நான்கு நாள் விட்டுவைத்தால் கூடமே சாம்பலாகக்கூடும். (பெருக்குகிறவனை எவரும் மதிப்பதில்லை என்பது வேறு கதை.)

சருகுத் தீயில் சிற்றுயிர் மடியாதா? மடியும். அதனை மறைத்துப் பேசுதல் நமக்கு அழகன்று. அசோகச் சக்கரவர்த்தி தம் ஆட்சியின் 26-ஆம் ஆண்டுக்குரிய ஐந்தாம் தூண் சாசனத்தில் காடெரிப்பைத் தடுத்தார். ஆனால், காரணமின்றி எரிப்பதையும் உயிர்வதைக்காக எரிப்பதையுமே அவர் தடுத்தார்; எரிப்பவன் நெஞ்சையும் நோக்கினார். கைகட்டி நின்றதனாலேயே கொல்லாமை நிறைவேறிற்று என்று கருதுவோமாயின், பின்னர் வரும் பெருந்தீயில் மடியும் உயிர்களை எவர் கணக்கில் எழுதுவது? வேலையைச் செய்தவன் மீதே பழியை ஏற்றும் வழக்கத்தை நம்மவர் நன்கறிவர்.

எனினும், மீண்டும் தீயிட்டால் எல்லாம் தீரும் என்பாரோடும் யாம் உடன்படோம். முற்றிய உண்ணி எரிந்தாலும் தூரிலிருந்து துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே வேரை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்திட வேண்டும். பறவைகள் விதை கொணர்வதால் ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். அதன் பின்னரே புல்லுக்கும் நாட்டு மரங்களுக்கும் இடம் கிடைக்கும்.

2011-இல் அம்மலை புலிகள் காப்பகமாயிற்று. அவ்வாண்டிலேயே 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி சோளகரின் கிராம சபைகள் காட்டின்மேல் சமூக உரிமை பெற்றன. தீத்தடை மட்டும் நீங்கவில்லை. உண்ணி அகற்றிய சிறு நிலத்தில், வனத்துறையார் முன்னிலையில், சருகுத் தீயை அறிந்த முதியோர் சொல்லும் பருவத்தில் எரித்துப் பார்ப்பதற்குச் சீலம் தடையென யாம் கருதவில்லை.