கடன் பளுவும் கல்பின் பளுவும்



நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளியில் படித்ததும், பிறகு கல்லாவில் உட்கார்ந்து கற்றதுமே என் கல்வி. ஆயினும், அறிந்த ஒரு விஷயத்தை மறைத்தால் நாளை மறுமையில் கேள்வி உண்டு என்று அஞ்சி இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியோர்கள் திருத்துவார்களாக.

நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் வழக்கமாகக் கேட்டுவந்த துஆ ஒன்று உண்டு. கவலையை விட்டும், துயரத்தை விட்டும், கடனின் பளுவை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகின்ற துஆ அது. நம்மில் பலர் மனப்பாடமாக ஓதுகிறோம். கவலையையும் கடனையும் ஒரே துஆவில் ஏன் சேர்த்தார்கள் என்று சிந்தித்தோமா? வியாபாரிக்கு இதன் பொருள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பேரேட்டில் எழுதிய கடன் பேரேட்டோடு நிற்பதில்லை. அது கல்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் 4,300 வெள்ளி பாக்கி வைத்திருந்தார். பன்னிரண்டு வருடப் பழக்கம், நாணயமானவர். "நானா, ரெண்டு மாசம் தவணை கொடுங்க, வாடகை ஏறிப்போச்சு" என்று கேட்டார். எனக்கும் மேலே கொடுக்கவேண்டிய பணம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டேனா? கைத்தொலைபேசியில் மூன்று முறை செய்தி அனுப்பினேன். ஒன்றை அனுப்பியபோது இரவு மணி பதினொன்று. புதன்கிழமை காலை, கடைக் கதவைத் திறக்கும்போதே அவர் கீழே சாய்ந்தார். ஒருவர் விசிறினார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் சோடா வாங்க ஓடினார். நெஞ்சை அழுத்த வேண்டும் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது காலம் கடந்திருந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. சிகரெட் பழக்கமும் இருந்தது. எனது செய்திதான் அவரைக் கொன்றது என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். ஆனால் அவருடைய நெஞ்சில் ஏறியிருந்த பளுவில் என் கையால் வைத்த கல்லும் ஒன்று இருந்தது என்பதை நான் எப்படி மறுப்பேன்?

பிறகு நான் என் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னது இது. திருடனைக் கண்டால் நம் உடம்பு என்ன செய்கிறது? சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் நீர்களை இரத்தத்தில் விடுகின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. ஓடவும் போராடவும் அல்லாஹ் வைத்த ஏற்பாடு இது. திருடன் போனதும் எல்லாம் தணிந்துவிடும். ஆனால் கடன் என்ற திருடன் போவதில்லையே! இரவிலும் தலைமாட்டில் நிற்கிறான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அந்த வேகம் தணியாதபோது இரத்தக் குழாயின் உட்சுவர் கெடுகிறது. அங்கே படிந்த கொழுப்பு ஒருநாள் வெடித்து, இரத்தம் உறைந்து, வழியை அடைக்கிறது. அதுவே மாரடைப்பு. அதன் விளைவாக இருதயத்தின் மின் ஓட்டம் தாறுமாறாகிவிட்டால், அது இரத்தத்தை இறைக்காமல் வெறுமனே நடுங்கி நின்றுவிடும். மாரடைப்பு வேறு, இருதயம் நின்றுபோவது வேறு. ஆனால் முன்னது பின்னதற்கு வாசல். போதாததற்கு, கவலையுள்ளவன் கூடுதலாகப் புகைக்கிறான், தூங்குவதில்லை, மாத்திரையை மறக்கிறான்.

52 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2004-ல் லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையில் வந்ததை என் மகள் வாசித்துக் காட்டினாள். மாரடைப்பு கண்ட 11,000-க்கு மேற்பட்டவர்களையும், காணாத 13,000-க்கு மேற்பட்டவர்களையும் ஒப்பிட்டார்களாம். தொழிலில் இடைவிடாத மன நெருக்கடி உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது.

"அஜல் எழுதியபடிதானே நடக்கும், டாக்டர் எதற்கு?" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. அஜல் அல்லாஹ்வின் கையில்தான், சந்தேகமில்லை. ரிஸ்கும் அவன் கையில்தான். அதற்காக நாம் கடையைப் பூட்டாமலா வீட்டுக்குப் போகிறோம்? ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, இது இருதய நோய் என்று கூறி, ஹாரித் இப்னு கலதா என்ற வைத்தியரிடம் போகச் சொன்னதாக அபூதாவூது கிரந்தத்தில் வருகிறது. நபியின் கரம் பட்ட நெஞ்சுக்கே வைத்தியர் வேண்டுமென்றால், நம் நெஞ்சுக்கு வேண்டாமா?

சகோதரர்களே! இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கவலைப்படாதே என்று கடன்பட்டவனுக்கு உபதேசம் செய்வது எளிது. அவன் கவலையைக் குறைக்கும் சாவி கடன் கொடுத்த நம் கையில் அல்லவா இருக்கிறது! கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படியும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேலானது என்றும் திருக்குர்ஆன் இரண்டாவது சூராவின் 280-வது ஆயத்து நமக்குக் கட்டளையிடுகிறது. கஷ்டப்படுவோரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்று தன் ஆட்களுக்குச் சொல்லிவந்த ஒரு வியாபாரியின் பிழைகளை அல்லாஹ்வும் பொறுத்துக்கொண்டான் என்று ஹதீஸில் காண்கிறோம். இதைவிட இலாபமான வியாபாரம் எந்தச் சந்தையில் உண்டு?

இதைக் கேட்டு, கையில் பணம் வைத்துக்கொண்டு இழுத்தடிப்பவர் மகிழ வேண்டாம். வசதியுள்ளவன் தாமதிப்பது அநியாயம் என்றும் அதே மார்க்கம் சொல்கிறது. முடியாதவர் ஒளியாமல் நேரில் வந்து கணக்கைச் சொல்ல வேண்டும். ஒளிவதும் நெஞ்சுக்குப் பளுதான்.

கடைசியாக ஒன்று. நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் வாயு என்று எண்ணிக் கடையில் உட்காராதீர்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணுக்கு உடனே அழையுங்கள். ஒருவர் விழுந்து, அழைத்தும் அசையாமல், சரியாக மூச்சும் விடாவிட்டால், அந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் ஒரு கையின் மேல் மறுகை வைத்து 5 செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். அருகில் ஏ.இ.டி. என்னும் மின்கருவி இருந்தால் எடுத்துவரச் செய்யுங்கள். செய்யவேண்டியதை அதுவே பேசிச் சொல்லும். நம் கடைப் பையன்கள் அனைவரும் இதைப் பழகட்டும். ஓர் உயிரை வாழவைத்தவன் மனிதர் அனைவரையும் வாழவைத்தவனைப் போன்றவன் என்பது நம் மார்க்கம்.

அந்தச் சகோதரர் மவுத்தான நாற்பத்தைந்தாம் நாள், அவருடைய மகன் ஓர் உறையில் 300 வெள்ளி கொண்டுவந்து, "அத்தா பாக்கி, மாமா. மாசா மாசம் தர்றேன்" என்றான். உறையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, அவன் கண்முன் அந்தக் கணக்கை அடித்தேன். பெருமைக்காக இதை எழுதவில்லை. அவர் உயிரோடு கேட்டது தள்ளுபடிகூட அல்ல, இரண்டு மாதத் தவணைதான். அதை நான் கொடுக்கவில்லை.

இன்றிரவு கடையைப் பூட்டுமுன் உங்கள் பேரேட்டை ஒருமுறை புரட்டுங்கள். அதில் எந்தப் பெயர் தூங்காமல் கிடக்கிறது என்று பாருங்கள். அவருக்கு ஒரு நல்ல வார்த்தை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கல்புகளிலிருந்து கவலையின் பளுவை இறக்குவாயாக! பிறர் கல்பில் பளு ஏற்றாத வியாபாரிகளாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.