பந்தியில் விடுபட்டவர்கள்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 6:1-7

 

"பாஸ்டர், நம்ம பீர்க்கன்கரணையில எழுப்புதல் எப்போ வரும்?" என்று உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. எருசலேமிலே எழுப்புதல் எப்படி வந்தது என்று பாருங்கள். 7-ம் வசனத்திலே சீஷர்கள் பெருகினார்கள், ஆசாரியர்களில்கூட அநேகர் இயேசுவண்டை வந்தார்கள். அல்லேலூயா! அதற்குச் சற்று முன்பு நடந்தது என்ன? ஒரு சாப்பாட்டுப் பிரச்சனை தீர்க்கப்பட்டது! கிரேக்க பாஷை பேசின விதவைகள் பந்தியில் விடுபட்டார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை, விசாரித்தார்கள்.

பிரியமானவர்களே, தானதர்மம் செய்கிற டிரஸ்டானாலும் சபையானாலும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு கொடுத்தோம்?" என்பதல்ல. "யார் விடுபட்டார்கள்?" என்பதே.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை நம்மில் யார் மறப்போம்? தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள்ளே வந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாய் ரொட்டியும் போர்வையும் வந்தன. அந்த அன்பைக் கர்த்தர் மறக்கமாட்டார். ஆனாலும் லாரி நிற்கிற இடத்துக்கு ஓடி வர முடிந்தவனுக்கு இரண்டு தரம் கிடைக்கும். உள்தெருவிலே மாடியில் முடங்கிக் கிடக்கிற பாட்டிக்கு யார் கொண்டுபோவது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடியும் தண்ணீரில் நின்றன. மழை இனியும் வரும். ஆகவே மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

1. முதலில் எண்ணிப் பாருங்கள்

மாற்கு 6-ம் அதிகாரத்தில், ஐயாயிரம் பேரைப் போஷிக்கும் முன்னே இயேசு என்ன செய்தார்? எத்தனை அப்பம் இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார். ஜனங்களை வரிசை வரிசையாய் உட்கார வைத்தார். அதற்குப் பிறகுதான் அற்புதம்! உட்கார்ந்த கூட்டத்தில் பலமுள்ளவன் முந்திக்கொண்டு போக முடியாது. நாமும் தெருத்தெருவாய் ஒரு நோட்டுப் போடுவோம். விதவை யார், படுக்கையில் இருப்பவர் யார், வாடகை கட்ட முடியாதவர் யார், கட்டட வேலைக்கு வடநாட்டிலிருந்து வந்து பாஷை தெரியாமல் தவிப்பவர் யார்? "நம்ம சபைக்கு வர்றவங்களா?" என்று கேட்காதீர்கள். பசிக்கு மதம் கிடையாது.

2. விடுபட்டவர்களையே பொறுப்பில் வையுங்கள்

தெரிந்துகொள்ளப்பட்ட ஏழுபேரின் பெயர்களைப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர்... ஏழும் கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்ன பக்கத்தாரிடமே பந்திவிசாரணை ஒப்புவிக்கப்பட்டது.

வேலூரிலும் இந்த ஞானத்தைக் காண்கிறோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மரித்தார்கள். ஆண் மருத்துவர் வருவதற்குக் குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1902-ல் ஆஸ்பத்திரி எழும்பிற்று. அதோடு நிற்கவில்லை. 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. உதவி கிடைக்காமல் விடுபட்டது பெண்கள்; அந்தப் பெண்களையே உதவி செய்கிறவர்களாக ஆக்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி.

தையல் தெரியாத சகோதரிக்குத் தையல் மிஷின் கொடுத்தால் அது மூலையில்தான் கிடக்கும். அவளுக்கு என்ன தேவை என்று அவளையே கேட்கலாமே! விதவைகளுக்குத் திட்டம் போடும் கமிட்டியில் இரண்டு விதவைச் சகோதரிகள் இருக்கட்டும்.

3. கணக்கை வெளிச்சத்தில் வையுங்கள்

பவுல் எவ்வளவு பெரிய அப்போஸ்தலன்! ஆனாலும் எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியாய்க் கொண்டுபோக அவர் சம்மதிக்கவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:18-21). கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் சுத்தமாய் இருக்க வேண்டுமென்பது அவர் பாரம். ஆடிட்டர் பார்க்கிறது சட்டத்துக்காக. சபைக்கு முன்பாக வாசிக்கிறது சாட்சிக்காக. எத்தனை புடவை கொடுத்தோம் என்பது பாதிக் கணக்குதான். யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பது மீதிக் கணக்கு. அதையும் வாசியுங்கள்.

இன்னொன்று. வாங்குகிறவர்களை மேடையில் வரிசையாய் நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டாம். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாதென்றால், போஸ்டர் அறியலாமா?

தேவ பிள்ளைகளே, அந்நிய பாஷையில் துதிக்கிற அதே வாய், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "சாப்டீங்களா அம்மா?" என்று கேட்கட்டும். ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களைத்தான் அன்று பந்திக்கு நிறுத்தினார்கள். அரிசி அளக்கிறதற்கும் அபிஷேகம் வேண்டும்!

ஜெபிப்போம். அன்புள்ள ஆண்டவரே, எங்கள் கண்ணுக்குத் தப்பினவர்களை எங்களுக்குக் காட்டும். கொடுக்க மனதையும், விசாரிக்கப் பொறுமையையும், கணக்கில் உண்மையையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்