சரியான திமிங்கலம்

நானும் நண்பனும் தென்னாப்பிரிக்காவில் ஐந்து நாள் கார்ப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். கேப்டவுனில் கிளம்பி, மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து போகும் கிளாரன்ஸ் டிரைவ் வழியாக பெட்டிஸ் பே, ஹெர்மானஸ், ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுலாஸ் முனை, கடைசியாக டி ஹூப் காப்பகம். போவது செப்டம்பரில். ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கலங்கள் குட்டி ஈன்று பாலூட்ட இந்தக் கரையோரத்துக்கு வருகின்றன.

சாலையைப் பற்றி எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை எல்லாம் படகு பற்றித்தான். "இவ்ளோ செலவு பண்ணிப் போறோம், கிட்டக்க போய்ப் பாக்காம வர்றதா?" என்றான். நியாயமாகத்தான் பட்டது.

அங்கே வரும் திமிங்கலத்தின் பெயர் 'சதர்ன் ரைட் வேல்'. 'ரைட்' என்றால் சரியானது. யாருக்குச் சரி? வேட்டைக்காரர்களுக்கு என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். மெதுவாக நீந்தும், கரையை ஒட்டி வரும், கொழுப்பு மிகுதி என்பதால் செத்தாலும் மிதக்கும். 1935இல் சர்வதேசப் பாதுகாப்பு வருவதற்குள் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. பெங்குவின் பார்க்க நாங்கள் வண்டியை நிறுத்தப்போகும் பெட்டிஸ் பேயின் ஸ்டோனி பாயின்ட், ஒருகாலத்தில் திமிங்கலங்களை இழுத்துவந்து அறுத்த இடம்.

மெதுவாக நீந்தும், கரையை ஒட்டி வரும். நானும் இதே காரணங்களுக்காகத்தான் இந்தத் திமிங்கலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இது உறைத்தபோது கொஞ்சம் கூசியது.

"ஈட்டி எறியறதும் போட்டோ எடுக்கறதும் ஒண்ணாடா?" என்று கேட்டான். ஒன்றில்லைதான். உரிமம் உள்ள படகுகள் 50 மீட்டர் வரை நெருங்கலாம், மற்றவை 300 மீட்டர் தள்ளியே நிற்கவேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. திமிங்கலம் உயிரோடு இருந்தால்தான் ஊருக்கு வருமானம் என்பதும் சின்ன விஷயமில்லை. படகில் போகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

என்னை உறுத்துவது "காசு குடுத்தாச்சு" என்ற அந்த நினைப்பு. நான் காசு கொடுத்தது படகுக்காரருக்கு. ஆனால் தரிசனம் தரவேண்டிய கடன் குட்டியோடு கிடக்கும் ஒரு தாயின் தலையில் எப்படி ஏறுகிறது? பார்க்கும் ஆசை எந்த இடத்தில் பார்க்கும் உரிமையாக மாறுகிறது?

ஹெர்மானஸில் பாறைகளை ஒட்டி சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. அங்கே நின்றாலே திமிங்கலம் தெரியும். சில சமயம் கரைக்கு மிக அருகிலேயே வரும். எவ்வளவு அருகில் என்பதை அது முடிவு செய்யும். நாம் காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு சமரசம். ஹெர்மானஸில் ஒரு நாளை இரண்டாக்கினோம், படகை எடுத்துவிட்டோம். நண்பன் ஒரு நிபந்தனை வைத்தான்: இரண்டாம் நாள் மதியம்வரை ஒன்றும் வரவில்லையென்றால் படகு. சரி என்றேன்.

சொன்னபிறகுதான் தெரிந்தது, என் கொள்கைக்கு ஆயுள் ஒன்றரை நாள் என்று.