மூட்டை கட்டிய முடியரசு

1807ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், போர்த்துகல் நாட்டின் தலைநகராம் லிஸ்பனிலிருந்து ஓர் அரசு கப்பலேறிப் புறப்பட்டது. மனநிலை குன்றிய அரசி மரியா, அவர் பெயரால் ஆண்ட இளவரசர் ஜான், அமைச்சர், பிரபுக்கள், குருமார், ஏவலர், கருவூலப் பெட்டிகள், கோப்புக் கட்டுகள் அத்தனையும் கப்பலில்! துணைக்குப் பிரிட்டிஷ் கடற்படை. மறுநாள் நெப்போலியனின் தளபதி ஜூனோ, படையோடு நகருக்குள் நுழைந்தான். அவன் வந்தபோது கரையிலே எஞ்சிக் கிடந்தவை எவை? அவசரத்தில் ஏற்ற மறந்த அரச நூலகத்தின் புத்தகப் பெட்டிகள். எஞ்சி நின்றவர் யார்? மக்கள்.

புத்தகங்களுக்குப் பின்னர் கப்பல் வந்தது. மக்களுக்கு வரவில்லை.

எங்கோ நடந்த கதை இது, நமக்கென்ன என்று கேட்பீரோ, தோழர்களே? திருச்சிராப்பள்ளிக்காரர் அப்படிக் கேட்க முடியாது. கொலுவும் கொடியும் மூட்டையாகக் கட்டப்பட்டு வருவதையும் போவதையும் பலமுறை கண்ட ஊர் அது. முத்து வீரப்ப நாயக்கர் மதுரையிலிருந்து தலைநகரைத் திருச்சிக்குக் கொணர்ந்தார். திருமலை நாயக்கர் அதனை மீண்டும் மதுரைக்குக் கொண்டுபோனார். 1659இல் அரியணை ஏறிய அவர் பேரன் சொக்கநாத நாயக்கர், மறுபடியும் திருச்சிக்கே திருப்பினார். திருப்பியதோடு நின்றாரா? பாட்டன் கட்டிய மாளிகையை இடித்து, தூணும் மரமும் பெயர்த்துப் புதிய தலைநகருக்குக் கொண்டுசென்றார். இன்று மதுரையில் நாம் அண்ணாந்து பார்த்து வியக்கிறோமே, அந்த மகால், பழைய மாளிகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான்! கட்டிய பாட்டன் பெயர் வரலாற்றில் உண்டு. பெயர்த்த பேரன் பெயரும் உண்டு. தூணைச் சுமந்த தோளுக்கு மட்டும் பெயரில்லை.

பிறகு வந்தது வேறொரு மூட்டை. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரிலே ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் மாண்டார். மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடிவந்தார். நவாபு என்ற பட்டம் கோட்டைக்குள்ளே, நாடு கோட்டைக்கு வெளியே! சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிட்டனர். அந்த முற்றுகையைத் தளர்த்தவே 1751இல் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தான். 1752இல் நிலைமை தலைகீழாயிற்று. பிரெஞ்சுப் படை காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவிலே ஒதுங்க, ஆண்டவன் கோயிலின் மதில்கள் ஆயுதக்காரரின் அரணாயின. சூன் திங்களில் அங்கே அவர்கள் சரணடைந்தனர். சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. முகமது அலி வென்றார். வென்றது அவர்தானா? உதவிக்கு வந்த மைசூராரிடம் அவர் விலையாகப் பேசியது எதை? திருச்சியையே! பேசியபடி கொடுக்கவுமில்லை என்பது வேறு. ஆங்கிலேயக் கம்பெனியிடம் பட்ட கடனோ வளர்ந்தது, வளர்ந்தது, 1801இல் கருநாடகம் முழுவதன் ஆட்சியும் கம்பெனியின் கைக்குப் போகும்வரை வளர்ந்தது. திருச்சியில் வாழ்ந்த உழவனையும் நெசவாளனையும் கேட்டுக்கொண்டா அந்த ஊரை விலை பேசினர்?

அப்படியானால் ஓடுவதே குற்றமா? அப்படிச் சொல்வது எளிது, அறமாகாது. பகையின் வாய்க்குள் தலையைக் கொடுப்பதெல்லாம் வீரமென்று நாம் பாடத் தயாரில்லை. ஓடாதிருந்த ஸ்பெயின் மன்னர் என்ன ஆனார்? 1808இல் தந்தையையும் மகனையும் பயோன் நகருக்கு அழைத்து, இருவர் முடியையும் நெப்போலியன் பறித்துக்கொண்டான். ஜான் அந்தப் பொறியில் சிக்கவில்லை. உயிர் தப்ப ஓடும் உரிமை ஓர் ஏழைக்கு உண்டென்றால் இளவரசருக்கும் உண்டு. நாம் கேட்பது வேறு: ஓடுகிறவர், ‘அரசு என்னோடு வருகிறது’ என்று சொல்லும் உரிமையை எங்கிருந்து பெற்றார்? ஆணையிடும் அதிகாரத்தைப் பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு, காக்கும் கடமையைக் கரையிலே விட்டுச்செல்லலாம் என்று எந்த அறநூல் சொல்கிறது?

கப்பல் போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்ப்போம். போர்த்துகலின் குடியேற்ற நாடு பிரேசில். ரியோ டி ஜெனிரோ நகரில் வந்திறங்கிய பெருங்கூட்டத்துக்கு வீடு வேண்டுமே! நல்ல வீடுகளின் கதவுகளில் ‘பி. ஆர்.’ என்று இரண்டெழுத்து எழுதப்பட்டது. ‘ஆளும் இளவரசர்’ என்பதன் குறி அது. வீடு அவருக்கு வேண்டும் என்று பொருள். ஊர்மக்கள் தம் மொழியில் அதற்கு வேறு விரிவு சொல்லிச் சிரித்தனர்: ‘தெருவுக்குப் போ!’ வீடிழந்தவனுக்கு நகைச்சுவையாவது மிஞ்சியது.

ஆனால் நன்மைகளும் வந்தன, மறைப்பானேன்? 1808 சனவரியில் துறைமுகங்கள் நட்பு நாடுகளுக்குத் திறந்தன. அதே ஆண்டில் வங்கி வந்தது, அச்சகம் வந்தது. இந்த அச்சகத்திடம் சற்று நிற்போம். 1500இல் பிரேசிலில் கால்வைத்த போர்த்துகீசியர், முந்நூறு ஆண்டுகளாக அங்கே அச்சுத்தொழிலை விடவில்லை. 1747இல் ரியோவில் ஒருவர் அச்சிடத் தொடங்க, லிஸ்பன் ஆணை அதனை மூடிற்று. இதே போர்த்துகீசியப் பாதிரிமார் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டவர்கள்! மதம் பரப்ப வேண்டிய இடத்தில் அச்சு இனித்தது. மக்கள் சிந்தித்துவிடுவரோ என்று அஞ்சிய இடத்தில் அதுவே கசந்தது. பிரேசில் மண்ணில் அச்சுப்பொறி இயங்காது என்பதல்ல, இயங்கவிடவில்லை. அரசர் குடிவந்தார், அவருக்கு ஆணை அச்சிட வேண்டியிருந்தது, உடனே பொறி இயங்கிற்று. நேற்றுவரை ‘உங்களுக்குத் தகுதியில்லை’ என்றவர், இன்று தாமே அங்கே குடியிருக்க நேர்ந்ததும் தகுதி வானத்திலிருந்து குதித்துவிட்டதா? மேட்டுக்குடி குடியேறிய பிறகே தெருவிளக்கு எரியும் ஊர்களை நாமும் அறிவோம்.

கப்பலுக்குத் துணைவந்தவனும் கூலி கேட்டான். 1810 ஒப்பந்தப்படி பிரேசிலில் பிரிட்டிஷ் சரக்குக்குச் சுங்கம் நூற்றுக்கு 15. சொந்த நாடான போர்த்துகலின் சரக்குக்கோ 16! முகமது அலி கம்பெனிக்குக் கொடுத்த விலையும் இதுவும் ஒரே கடையில் வாங்கிய சரக்கல்லவா? கரும்புத் தோட்டத்து அடிமைக்கு இந்த மாற்றங்களில் எது கிடைத்தது? அவன் விலங்கு சட்டப்படி அறுந்தது 1888இல்தான். அரசர் வந்திறங்கி 80 ஆண்டு!

1815இல் பிரேசில் தனி முடியரசென்ற தகுதி பெற்றது. லிஸ்பன் மக்களோ, மன்னரில்லா நாட்டில் பிரிட்டிஷ் தளபதியின் அதிகாரத்தில் வாடினர். 1820இல் போர்ட்டோ நகரிலே கிளர்ச்சி வெடித்தது. கரையில் விடப்பட்டவர்கள் தாமே பேராளரைத் தேர்ந்தனர், மன்றம் கூட்டினர், மன்னரைத் திரும்பி வரச்சொன்னார்கள். அவர்களிடமும் ஒரு கோணல் இருந்தது. தமக்கு உரிமை கேட்ட அதே வாயால், பிரேசிலைப் பழைய தொழுவத்தில் மீண்டும் கட்டப் பார்த்தனர். 1822 செப்டம்பர் 7ஆம் நாள், ஜானின் மகன் பெத்ரோவையே தலைவனாகக் கொண்டு பிரேசில் பிரிந்தது. ஜான் அதற்கு முந்திய ஆண்டிலேயே கிளம்பிவிட்டார். வங்கியின் பொன்னும் அவரோடு போயிற்று. 1821 சூலையில் லிஸ்பனில் இறங்கியபோது, தாம் இல்லாதபோது கூடிய மன்றம் வகுத்த அரசியலமைப்பு அடிப்படைகளுக்கு அவர் உறுதிமொழி கூற வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தவரைத் தங்கியிருந்தவர் ஏற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைத் திருவரங்கத்துக் கோயில் மரபும் ஒரு கதையாகச் சொல்கிறது. 1323இல் தில்லிப் படை வந்தபோது, அரங்கராசன் என்று அரசுப்பெயர் சூட்டப்பட்ட திருமேனியை அடியார்கள் எடுத்துக்கொண்டு வெளியேறினர். ஊர் ஊராகச் சுற்றி, திருப்பதி வரை போய், விசயநகரத்தின் கோபண்ணர் காலத்தில் 1371இல் அது திரும்பியது. 48 ஆண்டு! இடைக்காலத்தில் வேறொரு திருமேனி அமர்ந்துவிட்டது. எது பழையது? மறையோதியவர்க்குத் தெரியவில்லை; மணியகாரர்க்குத் தெரியவில்லை. அந்நாளில் கோயில் ஆடை வெளுத்த கண்ணிழந்த முதியவன் ஒருவனைத் தேடிப்பிடித்து அழைத்தார்களாம். இரண்டு திருமேனிகளின் ஈர ஆடையிலிருந்தும் பிழிந்த நீரைச் சுவைத்துப் பார்த்து அவன் தீர்ப்புச் சொன்னானாம். நீரின் சுவையைக் கொண்டு சிலையைக் கண்டுபிடிக்கலாம் என்பதை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் கதை கட்டியவர்கள், தீர்ப்பை அரசன் வாயிலோ அர்ச்சகர் வாயிலோ வைக்காமல் வண்ணான் வாயில் வைத்தார்கள். ‘நம்பெருமாள்’ என்று அவன் சொன்னதாகக் கூறும் பெயர்தான் திருவரங்கத்தில் இன்றும் வழங்குகிறது.