நரக தண்டம் முடிவுடையதோ?

இறைவன் பேரருளாளன் என்பதும், அவன் தீயோரை ஒறுப்பன் என்பதும் ஒருங்கே கொள்ளப்படுமிடத்து, அவ்வொறுப்பிற்கு எல்லை உண்டோ இன்றோ என்னும் வினா எழாதொழியாது. இஸ்லாம் சமயத்து அறிஞர் இதனைப் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். அவர்தம் கொள்கையை அவர் கூறுமாறே அறிந்துகோடல் நடுநிலையுடையார்க்குக் கடனாம்.

அச்சமயத்தார் கொள்கைப்படி, உடலை நீத்த உயிர் மீள எழுப்பப்படும் நாள்காறும் பர்ஸக் என்னும் இடைநிலையில் இருக்கும். கப்ரில் முன்கர், நக்கீர் என்னும் வானவர் இருவர் அதனை வினவுவர். தீர்ப்பு நாளில் ஒவ்வொருவர் வினைகளும் துலாக்கோலில் நிறுக்கப்படும். தண்டத்திற்குரியார் ஜஹன்னம் என்னும் தீநரகம் புகுவர். அதன் வாயில்கள் 7 என்று குர்ஆனின் 15-ஆம் அத்தியாயமும், அதனைக் காப்போர் 19 பேர் என்று 74-ஆம் அத்தியாயமும் கூறும்.

இனி, அந்நரகத்து வாழ்வு முடிவிலதோ எனின், அறிஞர் கூறும் விடை ஒருதன்மைத்தன்று. பெரும்பாவஞ் செய்து அதற்கு இரங்கி மீளாது இறந்தோர், தம் சமயத்தவரேனும், நரகினின்று நீங்கார் என்றனர் முஃதஸிலா வகுப்பார். ஸுன்னத்து வழியினரோ, நம்பிக்கையுடையார் தண்டம் நுகர்ந்தேனும், நபியின் பரிந்துரையானேனும், இறைவன் பொறுத்தருளலானேனும் கரையேறுவர் என்றும், முடிவின்மை இறைவனை மறுத்தார்க்கே என்றும் கொண்டனர்.

இப்னு தைமிய்யாவின் மாணாக்கராகிய டமாஸ்கஸ் நகரத்து இப்னு கையிம் (1292–1350), ‘ஹாதீ அல்-அர்வாஹ்’ என்னும் தம் நூலில், நரகமும் ஒருகாலத்து ஒழியும் என்பதற்குரிய ஏதுக்களை விரித்துரைத்தார். இறைவனது அருள் அவன் வெகுளியினும் முற்பட்டது; தண்டம் உயிரின் மாசு தீர்க்கும் மருந்து; நோய் தீர்ந்தபின் மருந்து வேண்டப்படாது என்பன அவற்றுட் சில. அந்நகரத்துத் தலைமை நீதிபதியாயிருந்த தகிய்யுத்தீன் ஸுப்கீ 1348-இல் மறுப்புநூல் இயற்றி, முடிவின்மை மறைமொழியானும் சான்றோர் உடன்பாட்டானும் துணியப்பட்டதென நாட்டினார். பெரும்பாலார் கொள்கையும் அதுவேயாம்.

அற்றேல், தண்டம் முடிவுறுமென்பார்க்கு, கொடுமையுற்றார் பெறும் நீதி யாதோ எனின், கூறுதும். முஸ்லிம் என்னும் பெரியார் (இறப்பு 875) தொகுத்த நபிமொழிகளுள் ஒரு செய்தி உண்டு. தொழுகை, நோன்பு, ஈகை என்பவற்றை நிரம்ப ஈட்டிய ஒருவன், பிறரை வைதும், பழிதூற்றியும், பொருள் கவர்ந்தும், குருதி சிந்தியும் வருவானாயின், அவன் நன்மைகளெல்லாம் அவனால் நலிந்தார்க்குப் பங்கிடப்படும். அவை தீர்ந்துழி, அவர்தம் பாவங்கள் அவன்மேல் ஏற்றப்பட, அவன் தீயிற்படுவான். அவனே மெய்யான வறியன் என்பது அச்செய்தியின் கருத்து. பொற்காசும் வெள்ளிக்காசும் உதவாத அந்நாள் வருமுன்னரே, பிறர்க்கிழைத்த தீங்கை அவரிடமே தீர்த்துக்கொள்க என்பது புகாரீ (810–870) தொகுத்த நபிமொழிகளுட் காணப்படுவது.

ஆதலின், தண்டம் மருந்தென்பாரும் முடிவிலதென்பாரும் ஒருங்கே உடன்படும் உண்மை ஒன்றுண்டு: தொழுகை முதலியவற்றின் மிகுதி, பிறவுயிரை நலிந்த கடனை மறைத்துவிடாது. இறைவன் பொறுப்பன் என்னும் துணிவால் எளியாரை வருத்துவோன், அவ்வருளையே தன் தீமைக்குக் கருவியாக்குகின்றான். நரகம் எத்துணைக் காலத்தது என வினவுவார், தம்மால் நலிந்தார் யாவர் என முன்னர் வினவுவாராக. முன்னையதற்கு முடிபு கூறுதல் அறிஞர்க்கும் அரிது. பின்னையதற்கு விடை அவரவர் நெஞ்சே அறியும்.