கொடை என்ற சொல்

கலைக்கூடங்களில் காட்சிப்பொருளுக்குப் பக்கத்தில் இருக்குமே சிறிய விளக்க அட்டை, அதைச் செய்து ஒட்டுவது என் வேலை. அச்சடித்த தாளை ஃபோம் போர்டில் குமிழி விழாமல் ஒட்டி, இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து வெட்டவேண்டும். கத்தி சற்று மழுங்கினாலும் விளிம்பு பிய்ந்துவிடும். பிறகு சுவரில் மெல்லிய பென்சில் கோடு, ரசமட்டம், இரு பக்கமும் ஒட்டும் டேப். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும் உயரம். சொற்கள் ஐம்பது அறுபதுக்கு மேல் போகக்கூடாது. போனால் யாரும் நின்று வாசிக்கமாட்டார்கள் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை.

அந்த அறுபதில் எதை விட்டுவிடுகிறோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பொன்முலாம் பூசிய தாரா சிலை ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது என்கிறார்கள். அந்த ஊர்ப் பெயர்களைக் கண்டால் எங்கள் ஆட்கள் நின்றுவிடுவார்கள். 1830இல் அதைக் கொடுத்தவர் ராபர்ட் பிரவுன்ரிக், 1815இல் கண்டி வீழ்ந்தபோது இலங்கையின் ஆளுநர். பதிவில் அவர் கொடையாளர். அவர் கொடுத்தது உண்மைதான். அவருக்கு யார் கொடுத்தார்கள்? ‘கொடை’ என்ற சொல்லில் பொய் இல்லை. கதையை வசதியான இடத்தில் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

நியாயம் நம் பக்கம் என்று உடனே நிமிர்ந்துவிடவும் முடியவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளும் ஒருவகையில் விளக்க அட்டைகளே. படிமத்தின் உயரம் முழத்திலும் விரலிலும், நகையின் எடை, கொடுத்தவர் பெயர். அதே கல்லில், சேரனையும் பாண்டியரையும் வென்று எடுத்த பண்டாரத்திலிருந்து செய்தவை இவை என்று ராஜராஜன் கூச்சமில்லாமல் சொல்கிறான். ஈழத்து ஊர்களின் வருவாயும் அந்தக் கோயிலுக்குப் போனது. அவன் பெருமையாகச் சொன்னதை மியூசியங்கள் நாசூக்காக விழுங்குகின்றன. பெருமையடித்தாலும் கொள்ளை கொள்ளைதான். ஆனாலும் ஆயிரம் ஆண்டு கழித்து வாசிக்கும் நமக்கு அவனைக் கேள்வி கேட்க அந்தக் கல் ஒரு பிடி தருகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு, தென்னிந்திய வெண்கலம் ஒன்றின் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். ‘தனியார் சேகரிப்பு’ என்று முடிந்தது. எந்த ஊர், எந்தக் கோயில், எப்போது வெளியே வந்தது, ஒன்றுமில்லை. பொறுப்பாளரிடம் கேட்டேன்.

“இடம் போதாது” என்றார்.

அட்டையின் கீழே மூன்று வரிக்கு வெள்ளையாக இருந்தது. அதைக் காட்டவில்லை நான். ஒப்பந்த வேலை, மாதக் கடைசி. எழுதியவர் அவர், ஒட்டுகிறவன் மட்டுமே நான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு ரசமட்டத்தை எடுத்தேன்.