கற்கும் கைகள்

அறியாமையால் ஒருவன் செய்யும் தீங்கு குற்றமாகுமா? ஒழுக்கவியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. இதற்கு நீதிமன்றங்களிலிருந்தே நாம் வழக்கமாக உதாரணம் தேடுகிறோம். ஆனால், இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடம் ஒரு பிரசவ விடுதி என்பதே என் எண்ணம்.

வியன்னாப் பொது வைத்தியசாலையில் இரு பிரசவ விடுதிகள் இருந்தன. 1840ஆம் ஆண்டு தொடக்கம் முதலாம் விடுதி வைத்திய மாணவரின் பயிற்சிக்கும், இரண்டாம் விடுதி மருத்துவிச்சிகளின் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட்டன. அங்கு வந்தோர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். மணமாகாத தாய்மார் பலர். இலவசப் பராமரிப்புக்கு அவர்கள் கொடுத்த விலை, மாணவர் கற்பதற்குத் தம் உடலை ஒப்புவித்தலாகும். 1846இல் முதலாம் விடுதியில் நிகழ்ந்த 4010 பிரசவங்களில் 459 தாய்மார் மாண்டனர். இரண்டாம் விடுதியில் 3754இல் 105 பேர்.

பேராசிரியர்கள் விளக்கங் காண முயன்றுகொண்டிருந்த வேளையில், அப்பெண்கள் உண்மையின் பாதியை அறிந்தே இருந்தனர். முதலாம் விடுதியில் தம்மைச் சேர்க்கவேண்டாமென முழந்தாளிட்டு மன்றாடினர். வரும் வழியில் தெருவிலே பிள்ளை பெற்றோர்கூட அவ்விடுதியிற் பெற்றோரைவிடக் குறைவாகவே நோயுற்றனர். பெண்களின் அச்சமே நோய்க்குக் காரணமென்று கூறியோரும் உளர்! ஆராய அமர்ந்த குழுவொன்று, வெளிநாட்டு மாணவர் முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதே காரணமென முடிவுசெய்து, மாணவர் தொகையைக் குறைத்தது. சிறிது காலம் மரணம் குறைந்து, பின் மீண்டும் ஏறியது. பழியை அந்நியன் தலையிற் சுமத்துதல் எங்கும் எளிதான காரியந்தான்.

1847 மார்ச்சில் யாக்கோப் கொலெச்கா என்னும் பேராசிரியர் இறந்தார். பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலைக் கீறியதே காரணம். அவருடலிற் காணப்பட்ட மாற்றங்கள், மாண்ட தாய்மாரின் உடல்களிற் கண்டவற்றை ஒத்திருந்ததை விடுதியின் உதவி வைத்தியர் இக்னாஸ் செம்மல்வைஸ் கவனித்தார். மாணவர் காலையிற் சவங்களை அறுத்துவிட்டு, அதே கைகளுடன் விடுதிக்கு வருபவர். மருத்துவிச்சிகளோ சவங்களைத் தொடாதவர். மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலிற் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த மரணம், ஜூனில் ஏறக்குறைய இரண்டாயிற்று. நுண்ணுயிர்க் கொள்கை நிலைபெறாத காலம் அது.

இங்கு நம்மைத் திகைக்கவைப்பது, கொன்றது சோம்பலன்று, கல்வி என்பதே. முன்னர் பேராசிரியர் போவர் மாணவருக்குப் பொம்மையைக் கொண்டே பயிற்சியளித்தார். மரணம் மிகக் குறைவாயிருந்தது. அவருக்குப்பின் வந்த கிளைன் சவங்களைக் கொண்டு கற்பித்தார். ஊக்கமிக்க மாணவனே அதிகம் அறுத்தான். அதிகம் கொன்றவனும் அவனாகவே இருந்திருப்பான்.

அவன் குற்றவாளியா? 1847 மே மாதத்துக்கு முன்னர் அல்லன் என்றே கூறுவேன். ஆசிரியர் செய்ததை அவன் செய்தான். ஆனால், கணக்குக் கண்முன் விரிந்தபின் மறுத்தவர்களின் நிலை வேறு. கிளைன் அம்முடிவை ஏற்கவில்லை. 1849இல் செம்மல்வைஸின் பதவி நீடிக்கப்படவில்லை. உயிர்காக்கும் கை உயிர் பறித்தது என்பதை ஒப்புக்கொள்வதற்கு விஞ்ஞானம் மட்டும் போதாது. பதவிப் பெருமையைத் துறக்கவும் வேண்டும். செம்மல்வைஸ் துறந்தார்: தன்னால் அகாலத்தில் மாண்டோரின் தொகையைக் கடவுளே அறிவார் என எழுதினார். கீல் நகரப் பேராசிரியர் மிக்காயெலிஸின் கதை இன்னும் கொடியது. தாம் பிரசவம் பார்த்த உறவினப் பெண்ணொருத்தி அக்காய்ச்சலால் இறந்திருந்தாள். வியன்னாச் செய்தியை ஏற்றுக் கைகழுவலைத் தம் விடுதியிற் புகுத்திய அவர், அக்குற்றவுணர்வைத் தாங்காது 1848இல் புகையிரதத்தின் முன் பாய்ந்து மாண்டார்.

அவருடைய மனச்சாட்சிக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் அம்மரணம் ஒரு தாயையும் காக்கவில்லை. செம்மல்வைஸுங்கூடத் தம் நூலை 1861வரை தாமதித்தார். எதிர்த்தோரைக் கொலைகாரரெனப் பகிரங்கக் கடிதங்களில் ஏசினார். உண்மை அவர் பக்கம் நின்றது. ஆனால், தனிமனிதரின் சினமும் துயரமும் ஒரு தொழிலின் வழக்கத்தை மாற்றப் போதியன அல்ல.

இன்று அறியாமை என்னும் சாட்டு எவருக்கும் இல்லை. எவ்வெச் சமயங்களிற் கைகளைச் சுத்தம் செய்யவேண்டுமென்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐந்தாக வகுத்துரைத்துள்ளது. ஒரு மணி நேரத்தில் அதைக் கற்பித்துவிடலாம். ஆயினும், ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 1994க்கும் 1997க்குமிடையே நடந்த இயக்கத்தின் பயனை நோக்குக. கைச்சுத்தம் பேணுதல் நூற்றுக்கு 48இலிருந்து 66ஆக உயர்ந்தது. தாதியர் திருந்தினர், வைத்தியரிடமோ அந்நிலை தாழ்ந்தே கிடந்தது.

விரிவுரை மண்டபத்திற் கேட்டதை மாணவன் மறக்கவில்லை. மறுநாட் காலை, பெரிய வைத்தியரின் பின்னால் கட்டில் கட்டிலாக நடக்கும்போது வேறொரு பாடத்தைக் கற்கிறான். கழுவாத கை ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் செல்வதை அவன் காண்கிறான். அருகில் நிற்கும் தாதியும் காண்கிறாள். ‘ஐயா, கை கழுவவில்லை’ என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். ஆனால், அவனுக்குப் பரீட்சையிற் புள்ளி இடப்போவது அந்தக் கையே.